காகிதக் கிலோமீட்டரும் ரோட்டுக் கிலோமீட்டரும்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. "எலக்ட்ரிக் கார் வாங்கினவன் பாதி வழியில் நிற்பான்" என்கிறது ஒரு கட்சி. "பெட்ரோல் போடுகிறவன் காசைக் கரியாக்குகிறான்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். சண்டை போடுங்கள், தப்பில்லை. ஆனால் அலகு இல்லாமல் சண்டை போடுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் பேனாவை எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அம்பாசமுத்திரத்தில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டும் மாணவன் ஒருவன், வயது நாற்பத்தைந்துக்கு மேல் (எனக்கு இன்னும் அவன்தான்), போன வாரம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பெயரைச் சொல்லாமல் எழுதச் சம்மதம் கொடுத்திருக்கிறான்.

"சார், 45 யூனிட் பேட்டரி, நானூத்தி எம்பதுக்கு மேல ஓடும்னு பேப்பர்ல போட்டிருக்கு. அம்பையிலேர்ந்து மதுரைக்கு நோயாளியக் கூட்டிட்டுப் போயிட்டு அப்படியே திரும்பிரலாம்லா சார்? நீங்க சரின்னு சொன்னா வீட்டுல உள்ள நகைய வச்சு முன்பணம் கட்டிருதேன்."

நகை என்று வந்த பிறகு பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. அவனுக்காகப் போட்ட கணக்கைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். சாயங்காலக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

காரின் மைலேஜையோ ரேஞ்சையோ கன்னியாகுமரி ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதுவதில்லை. சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எந்த நொடியில் எந்த வேகம் என்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. நம் நாட்டில் அதன் பெயர் மாடிஃபைட் இந்தியன் டிரைவிங் சைக்கிள். மொத்தம் சுமார் 20 நிமிடம், சுமார் பத்தரை கிலோமீட்டர். உச்ச வேகம் 90. சராசரி வேகம் முப்பதுக்குச் சற்று மேல். ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, மேடு கிடையாது, டிக்கியில் அரிசி மூட்டை கிடையாது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள். எல்லாக் காருக்கும் ஒரே வினாத்தாள் இருந்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும். ஆனால் வினாத்தாளில் வாங்கிய மார்க் வேறு, வாழ்க்கையில் வாங்கும் மார்க் வேறு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலக்ட்ரிக் கட்சியை மட்டும் குறை சொல்கிறவர்கள் இங்கே கவனிக்கவும். பெட்ரோல் காரும் இதே வினாத்தாளைத்தான் எழுதுகிறது. ஐரோப்பாவில் புதிய கார்களுக்குள்ளேயே எரிபொருள் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார்கள். 2021-இல் பதிவான கார்களின் மீட்டர் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் சான்றிதழில் சொன்னதைவிட ஏறக்குறைய 24 சதவீதம் அதிகம் குடித்திருந்தன. ரேஞ்சாக மாற்றினால், 100 கிலோமீட்டர் என்று போட்டது 81 கிலோமீட்டர்தான் ஓடியது. அங்கே இருப்பது நம்முடையதைவிடக் கடினமான வினாத்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரிக் பக்கம், டாடா நிறுவனம் இப்போது இரண்டு எண்களைத் தருகிறது. 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸானுக்குச் சான்றிதழ் எண் 489. கூடவே, தன் வாடிக்கையாளர்களில் 75 சதவீதம் பேருக்கு நடைமுறையில் கிடைக்கக்கூடியது என்று 350 முதல் 370 வரை சொல்கிறது. சான்றிதழில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இரண்டாவது எண்ணைச் சேர்த்துப் போடுவது நல்ல பழக்கம், பெட்ரோல் கார்களுக்கும் போட்டால் நல்லது.

ஆக, இரண்டு கட்சியின் எண்ணும் ரோட்டில் இறங்கினால் குறையத்தான் செய்கிறது. பிறகு ஏன் எலக்ட்ரிக் காரைப் பற்றி மட்டும் பேச்சு?

செலவாளியும் சிக்கனக்காரரும்

இங்கேதான் இயற்பியல் வருகிறது. இரண்டையும் ஒரே அலகில் வைப்போம். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. என் சின்ன காரின் டேங்க் 35 லிட்டர். அப்படியானால் டேங்க் நிறைய 315 யூனிட். அந்த மாணவன் பார்த்துவைத்திருக்கும் காரில் 45 யூனிட். பெட்ரோல் கார் ஏழு மடங்கு பணக்காரன்! எடையைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அந்த 35 லிட்டர் பெட்ரோல் சுமார் 26 கிலோ. 45 யூனிட் பேட்டரி சுமார் 300 கிலோ.

ஆனால் பெட்ரோல் கார் ஊதாரி. 315 யூனிட்டில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு ரேடியேட்டரிலும் சைலன்ஸரிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. எலக்ட்ரிக் கார் தன் 45-இல் 40 போலச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். எனவே உண்மையான போட்டி 315-க்கும் 45-க்கும் இல்லை, ஏறக்குறைய 80-க்கும் 40-க்கும். நெடுஞ்சாலையில் என் கார் டேங்குக்கு 630 கிலோமீட்டர், அந்தக் கார் சார்ஜுக்கு 315 கிலோமீட்டர் என்று வருவது இதனால்தான்.

ஒரு சின்ன உவமை. மாதம் மூன்று லட்சம் சம்பாதித்து இரண்டேகால் லட்சத்தைத் தொலைக்கிறவர் வீட்டில் பால் விலை ஏறினால் தெரியாது. நாற்பத்தைந்தாயிரத்தில் கட்டுசெட்டாகக் குடும்பம் நடத்துகிறவர் வீட்டில் உடனே தெரியும். எலக்ட்ரிக் கார் இரண்டாவது குடும்பம். காற்று, ஏசி, வேகம், மேடு என்று எந்தச் செலவு வந்தாலும் உடனே கண்ணில் படுகிறது. பெட்ரோல் காரிலும் அதே செலவு உண்டு, பெரிய விரயத்துக்குள் மறைந்துகிடக்கிறது.

டவுனும் நாலுவழிச் சாலையும்

கார் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதையும் நோட்டில் குறித்துவருகிறேன் (வீட்டம்மாவின் கேலி தனிக் கதை). கம்பெனி சொன்னது லிட்டருக்கு 20. பாளையங்கோட்டை, ஜங்ஷன் என்று டவுனுக்குள் சுற்றினால் 13. நாலுவழிச் சாலையில் 80-இல் போனால் 18. அதாவது டேங்குக்கு டவுனில் 455, வெளியூரில் 630.

திருச்சியில் இருக்கும் என் மருமகனின் எலக்ட்ரிக் காரில் நேர்மாறாக இருக்கிறது. டவுனில் யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர், நாலுவழிச் சாலையில் 7. அவசரப்பட்டு நூறைத் தொட்டால் ஆறுக்குப் பக்கம் இறங்கிவிடும்.

ஏன்? சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் என்ஜின் சும்மா எரிந்துகொண்டிருக்கும். மெதுவாக உருட்டும்போது அதன் திறன் இன்னும் மோசமாகும். பிரேக் பிடித்தால் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக் சூடாகப் போகும். எலக்ட்ரிக் காரில் நிற்கும்போது மோட்டாருக்குச் செலவில்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். நாலுவழிச் சாலையில் இந்தச் சலுகைகள் இல்லை. அங்கே எதிரி காற்றுதான்.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்கு கூடுகிறது, காற்றுத்தடையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் போய்ப் பாருங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டுவைத்திருக்கிறார்கள்? நீங்கள் 80-இல் போக, எதிர்க்காற்று 30-இல் வந்தால், காரைப் பொறுத்தவரை அது 110-இல் போகிறது. காற்றுத்தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பேட்டரி சதவீதம் பறக்கும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும், கொஞ்சம் கைக்கு வரும்.

மலையும் ஏசியும் பனியும்

கொடைக்கானல் கணக்கை வகுப்பில் போட்டது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். ஆட்களோடு வண்டி 1,700 கிலோ. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். சுமார் 3 கோடி ஜூல், அதாவது எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சமதளத்தில் அறுபது கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய கரண்ட் உயரத்துக்கே போய்விடும். மலைப்பாதையின் தூரத்துக்கான செலவு அதற்கு மேல். ஆனால் இறங்கும்போது அந்த எட்டில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பி வரும். பெட்ரோல் காரில் இறங்கி வந்தால் டேங்கில் ஒரு சொட்டும் கூடாது, பிரேக் வாசனைதான் கூடும்.

"டிராஃபிக்கில் மாட்டினால் ஏசியிலேயே சார்ஜ் தீர்ந்துவிடுமே" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். தீராதம்மா. ஒரு மணி நேரம் நின்றாலும் ஏசிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் போகும். பத்து கிலோமீட்டர் குறையும், அவ்வளவுதான். பெட்ரோல் காரும் அந்த ஒரு மணி நேரத்தில் சும்மா நின்றே ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குடித்துவிடும்.

கனடாவில் இருக்கும் என் தங்கை மகளுக்கு வேறு பிரச்சினை. ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் ஐந்து எலக்ட்ரிக் கார்களைச் சோதித்தது. 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டபோது ரேஞ்ச் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டபோது 41 சதவீதம் குறைந்தது. பெட்ரோல் கார் வீணாக்கும் வெப்பம் பனிக்காலத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு இலவசக் கணப்பாகிவிடும். எலக்ட்ரிக் காரில் வீணாகும் வெப்பம் குறைவு, கணப்பையும் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே அவள் குளிரை நினைத்துச் சொல்வதை நீங்கள் திருநெல்வேலி வெயிலுக்குப் பொருத்தாதீர்கள். நீங்கள் வெயிலை நினைத்துச் சொல்வதை அவளுக்கு அறிவுரையாக அனுப்பாதீர்கள்.

பெட்ரோல் கட்சிக்கு ஒரு செய்தி. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவீத ஆற்றல் குறையும். "வண்டிக்கு வயசாகிவிட்டது சார், மைலேஜ் விழுந்துவிட்டது" என்று புலம்புகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் காரிலும் வருடம் ஆக ஆக பேட்டரியின் கொள்ளளவு மெல்ல இறங்கும். இன்று 45 என்றால் ஐந்து, ஆறு வருடம் கழித்து அது 45-ஆகவே இருக்காது. தினமும் ஓடும் வாடகை வண்டிக்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

ஓடும் தூரமும் நம்பும் தூரமும்

பெட்ரோல் காரில் ரேஞ்சைப் பற்றி யாரும் கவலைப்படாததற்கு டேங்க் பெரியது என்பது மட்டும் காரணமில்லை. சில கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கிறது, மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடலாம். எலக்ட்ரிக் கார் 60 கிலோவாட் சார்ஜரில் நின்றால் நிமிடத்துக்கு ஒரு யூனிட் ஏறும். நிமிடத்துக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் அந்த வேகமும் குறைந்துவிடும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் போல ஏறும். ராத்திரி பத்து மணி நேரத்தில் 30 யூனிட், 200 கிலோமீட்டர்.

ஆகவே நீண்ட பயணத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. 45 யூனிட், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், முழுசாக 315. கையில் 10 சதவீதம் மிச்சம் வைக்க வேண்டும், ஆகவே முதல் ஓட்டம் 280. வழியில் 80 சதவீதம் வரைதான் ஏற்றுவீர்கள், மறுபடியும் 10 மிச்சம், ஆகவே இரண்டாவது ஓட்டம் 220. காகிதத்தில் 489 என்று இருந்த வண்டிக்கு நெடுஞ்சாலையில் நம்பும் தூரம் 280, பிறகு 220. திருநெல்வேலியிலிருந்து சென்னை சுமார் 620 கிலோமீட்டர். இரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் எப்படியும் நிற்கும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயமில்லை. நிற்காமல் ஓட்டிப் பழகியவருக்குப் பெரிய விஷயம்தான்.

இனி நம் மாணவனின் மதுரைக் கணக்கு

அம்பையிலிருந்து திருநெல்வேலி வழியாக மதுரை ஒரு வழிக்குச் சுமார் 195 கிலோமீட்டர். போக வர 390. காகிதத்தை நம்பினால் நூறு கிலோமீட்டர் மிச்சம். ரோட்டுக் கணக்கில் போகும்போதே 28 யூனிட் காலி, கையில் 17. திரும்பி வர 28 வேண்டும், மிச்சம் வைக்க 5 வேண்டும். ஆக 16 யூனிட் துண்டு விழுகிறது. வேக சார்ஜரில் அது கால் மணி நேர வேலை. மணிக்கு 7 யூனிட் ஏற்றும் சாதாரண சார்ஜரில் இரண்டரை மணி நேரம். நோயாளி டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மருந்து வாங்கி வெளியே வர அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

ஆகவே அவன் கேள்விக்குப் பதில்: "அப்படியே திரும்ப" முடியாது. மதுரையில் ஒரே ஒரு பிளக் சரியாக வேலை செய்தால் முடியும்.

இன்னொரு கணக்கையும் போடச் சொன்னேன். வாரம் மூன்று நாள் அவன் கல்லிடைக்குறிச்சிப் பெரியவர் ஒருவரை டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலி அழைத்துப்போய் வருகிறான். போக வர 75 கிலோமீட்டர், 11 யூனிட். அந்த வேலைக்கு எலக்ட்ரிக் கார் கச்சிதம். வீட்டுக் கரண்டிலேயே முடிந்துவிடும், பெரியவரிடம் வாடகையைக்கூடக் குறைக்கலாம். ஆனால் அந்த நாளிலேயே ராத்திரி ஒன்பது மணிக்கு "நெஞ்சு வலி, உடனே மதுரை" என்று போன் வந்தால்? கையில் 34 யூனிட், மதுரைக்கு 28, போய்ச் சேரும்போது 6. அதாவது 13 சதவீதம். போய்ச் சேரும், ஆனால் மழையோ எதிர்க்காற்றோ இருந்தால் ஓட்டுகிறவனின் நெஞ்சும் வலிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் மாட்டியிருந்தால் ஒன்பது மணிக்குள் 9 யூனிட் ஏறி, அந்தப் பயம் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்டேன்.

அவன் தன் டிரிப் நோட்டை எடுத்து மூன்று மாதத்தை எண்ணினான். பெரும்பாலான நாட்கள் 150 கிலோமீட்டருக்குள்தான். மதுரை மாதிரி நீண்ட ஓட்டம் மாதத்துக்கு இரண்டு, மூன்று. "இந்த ரெண்டு மூணு சவாரிதான் சார் எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவான்னுதான் என்னையக் கூப்பிடுதாங்க" என்றான். கவனியுங்கள். சராசரி நாளுக்கு எலக்ட்ரிக் காரே சரி. மறுக்க முடியாத நாளுக்கு அது சரியா என்பதுதான் கேள்வி. எந்தச் சோதனைக் கூடமும் அந்த நாளை உருளையில் ஓட்டிப் பார்ப்பதில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் பஸ்ஸில் மதுரை போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள சார்ஜர்களை நேரில் பார்த்துவரச் சொன்னேன். போனான். ஒன்று ராத்திரி பூட்டிவிடும் வளாகத்துக்குள் இருந்தது. இன்னொன்று இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருந்தது, வேலையும் செய்தது. இன்னும் முடிவெடுக்கவில்லை. பழைய டீசல் வண்டியை விற்காமல் ஒரு வருடம் வைத்திருக்க இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். முடிவு அவனுடையது, நகை அவன் மனைவியுடையது. அந்த அம்மாவிடமும் இந்தக் கணக்கைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு வீட்டுப்பாடம்

சண்டையைத் தொடருங்கள். ஆனால் அதற்கு முன் ஆளுக்கொரு நோட்டு போடுங்கள். பெட்ரோல், டீசல்காரர்கள் ஒரே பங்க்கில் டேங்கை ஃபுல் பண்ணி, மீட்டரைக் குறித்து, அடுத்த தடவை ஃபுல் பண்ணும்போது எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துப் பாருங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். எலக்ட்ரிக்காரர்கள் எத்தனை சதவீதத்தில் கிளம்பி எத்தனை சதவீதத்தில் போய்ச் சேர்ந்தீர்கள், எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், ஏசி உண்டா என்று குறியுங்கள். வண்டி, ஊர், மாதம் மூன்றையும் சேர்த்துக் கீழே கமென்ட்டில் போடுங்கள். திரட்டி ஒரு அட்டவணையாக்கித் தருவது என் பொறுப்பு. அடுத்து நகையை அடகு வைக்கப்போகும் யாருக்காவது அது உதவும்.

விடையில் அலகு எழுதாதவர்களுக்கு வழக்கம்போல அரை மார்க் குறைக்கப்படும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்